திட்டைத் திறக்க அறுத்த பன்றி

புருஷன் மெடோலி இறந்த அன்று பூசிய தேங்காய்க் கரி டோபிலா அக்காவின் தோலில் இன்னும் இருந்தது. கழுத்தில் துக்கக் கயிறு. துக்க விருந்தன்று மெடோலியின் தங்கை நெலானி அதை அறுத்து, கடலில் குளிப்பாட்டும்வரை அக்கா அப்படியே இருக்க வேண்டும். அது முடிந்த மறுநாள் படகேறித் தன் தாய்த் தீவுக்குப் போய்விட வேண்டும். எங்கள் கரையில் வீடும் தோட்டமும் செத்தவனின் தாய்வழிக்குத்தான். அவன் மீன்பிடித்த பவளத்திட்டும் அதுவரை மூடிக்கிடக்கும். திட்டில் ஒரு கழி நட்டுத் தென்னங்குருத்து கட்டியிருந்தால் அந்தப் பக்கம் யாரும் துடுப்பை நனைப்பதில்லை.

கரி பூசிக்கொண்டாலும் அக்காவின் வாய் அடங்கவில்லை. மெடோலியின் குறட்டையைப் பற்றி அவள் சொல்லும் கதைகளுக்கு, துக்கம் கேட்க வந்தவர்களே சிரித்துவிட்டுப் போனார்கள். என் பக்கத்து வீடுதான். சோறு கொண்டுபோய்க் கொடுப்பது நான். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கடைசியாக மெடோலி தன் கையால் நட்டுவிட்டுப் போன வள்ளிக்கிழங்கு முற்ற வேண்டும், அதைத் தோண்டி அவன் விருந்தில் வைக்க வேண்டும். அதன்பிறகுதான் கயிறு அறுபட வேண்டும்.

இதற்கு நடுவில் லெப்பானி வந்தான். நெலானியின் மகன். அலோடா நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். வந்த மறுநாளே ஊரை மாமரத்தடியில் கூட்டினான். வெள்ளைக்காரர்களை எங்கள் பக்கம் டிம்டிம் என்போம்.

"டிம்டிமுங்க கூட்டமா வரப்போறாங்க. முதல்ல திட்டுல முக்குளிப்பு. அடுத்து மலையேத்தம், மண்டையோட்டுக் குகை வரைக்கும். அப்புறம் நம்ம வீடுகள்ல தங்கல். நம்ம சாப்பாடு, நம்ம ஆட்டம்."

"எந்தத் திட்டுல?" என்று பெரியவர் கெபாரா கேட்டார்.

"மாமாவோட திட்டுதான். கொம்புத் திருக்கை அங்கதானே வருது? அதைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வர்றாங்க வெள்ளைக்காரங்க."

"மூடிக்கிடக்குதேடா."

"திறந்துட்டாப் போச்சு பெரியவரே."

சட்டி மூடியைச் சொல்வதுபோலச் சொன்னான். அதற்கு முந்தின நாள் குகைக்குப் போயிருந்தான். எங்கள் முன்னோர்களின் மண்டையோடுகளைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக அடுக்கிவிட்டு வந்திருந்தான். பாசியோடு இருந்தால் படத்தில் நன்றாக விழாதாம்.

மாமரத்தடியிலிருந்து நேராக டோபிலா அக்காவிடம் போனான். கரையில் இருக்கிற நல்ல வீடு அவளுடையதுதான். விருந்தாளிகளுக்கு அது வேண்டும் என்பது அவன் கூரையை அண்ணாந்து பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"அத்தை, உங்க நல்லதுக்குத்தான் விருந்தைச் சீக்கிரம் வைக்கிறேன். குளிச்சுட்டுப் பூப்போட்ட சட்டை போட்டுக்கிட்டுத் தீவுக்குப் போங்க. எத்தனை நாளைக்கு இப்படி நாறிக்கிட்டிருப்பீங்க?"

"நாறுறது நான்தானா மருமகனே? நல்லா மோந்து பாரு."

"கோபப்படாதீங்க அத்தை."

"உங்க மாமா நட்ட கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கு. அவர் விருந்துக்கு அவர் கிழங்கு வேணாமா?"

"அரிசி மூட்டை வந்திருச்சு அத்தை. டின் மீனும் இருக்கு."

அவன் போனபிறகு அக்கா, "கடைச்சோறு போட்டு அனுப்புற அளவுக்குத்தான் அவரு இருந்தாராடி?" என்று என்னிடம் கேட்டாள். நெலானியிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தாள். நெலானி அண்ணனுக்காக இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் மகனுக்காகத் தலையாட்டினாள்.

விருந்துக்கு முந்தின நாள் டெரன்ஸ் வந்து இறங்கினார். பின்னால் வரப்போகிற கூட்டத்துக்காக இடம், சாப்பாடு, படுக்கை எல்லாம் பார்த்துத் திட்டம் போட வந்த ஆஸ்திரேலியர். பேசினால் மெதுவாகப் பேசுவார், கேட்டுவிட்டுத்தான் படம் எடுப்பார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. லெப்பானி அவரைக் கழிப்பறைக் குழிக்கும் படகுத்துறைக்கும் கூட்டிப்போய்க் காட்டினான். அதே கையோடு டோபிலா அக்கா வீட்டுக்கும் கூட்டிவந்தான். நான் தேநீரோடு வாசற்படியில் நின்றிருந்தேன்.

"அத்தை, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. கயிறு தெரியட்டும்."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டெரன்ஸ் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். லெப்பானிக்கு வெட்கமே இல்லை. என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, கூட்டம் வரும்போது இவங்க தீவுக்குப் போயிருப்பாங்க. நீங்க கொஞ்சம் கரி பூசிக்கிட்டு இங்க உட்கார்றீங்களா? சும்மா நடிப்புக்குத்தான்."

என் புருஷன் அந்த நேரம் கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார். டோபிலா அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவ புருஷன்கிட்டப் போய்க் கேளுடா. சாகச் சம்மதமான்னு."

மறுநாள் விருந்து. ஒரே பன்றி, அதுவும் இளைத்தது. அரிசி குழைந்துபோயிருந்தது. லெப்பானி சொல்லிக்கொடுத்தபடி பெண்பிள்ளைகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். துக்க வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த விருந்தில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்தவனின் தாய்வழி ரத்தம் பன்றியை அறுக்கலாம், பங்கு போடலாம். ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கக் கூடாது. வைத்தால் செத்தவனையே தின்றதாகும். குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். லெப்பானிக்கும் சின்ன வயதில் தெரிந்துதான் இருக்கும்.

நெலானி கையில் சிப்பிக் கத்தியோடு டோபிலா அக்காவின் பக்கத்தில் நின்றாள். கறி பங்கிட்டு முடிந்ததும் கயிற்றை அறுக்க வேண்டியது அவள். டெரன்ஸுக்கு முதல் இலை வைத்தோம். அவர் குனிந்து பார்த்தார். கறி உள்ளே வெந்திருக்கிறதா, தன் கூட்டத்தாருக்கு வயிறு தாங்குமா என்று ஏதோ கேட்டார்.

லெப்பானி சிரித்தான். அந்த இலையிலிருந்தே ஒரு கொழுப்புத் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். கொழுப்பு தாடையில் வழிந்தது.

கெபாரா பெரியவர் என் புருஷனிடம், "பார்க்காத மாதிரி விட்டுருவோம்" என்று முணுமுணுத்தார். நெலானியும் அப்படித்தான் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மகன் சொன்னதற்கெல்லாம் ஆடியவள்தானே. அவள் மகனுடைய வாயையே பார்த்தாள். திடீரென்று வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"துப்புடா."

"முழுங்கிட்டேம்மா."

"யாரை முழுங்கினே?"

"அம்மா, வெள்ளைக்காரர் பார்க்கிறாரு."

"பார்க்கட்டும். என் அண்ணனைத் தின்ன வாயையும் பார்க்கட்டும்."

கத்தியை இடுப்பில் செருகினாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இது விருந்தில்ல. திட்டு மூடியே கிடக்கும். அண்ணி, உள்ள போங்க. கயிறு இருக்கட்டும். கிழங்கு முத்தினப்புறம் பார்த்துக்கலாம். அன்னைக்கு வேண்டிய பன்றியை இவன் வளர்க்கட்டும், தன் கையால தீனி போட்டு."

டோபிலா அக்கா நெலானியின் கையை ஒருமுறை பிடித்தாள், பிறகு படியேறி உள்ளே போனாள். டெரன்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார். மழை வரும் போலிருப்பதால் ஒத்திவைத்திருக்கிறார்கள் என்று லெப்பானி சொன்னான். தாடையில் எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

கூட்டம் வரத்தான் வந்தது. முனைக்கு அந்தப் பக்கம், கடலட்டை மட்டும் படுத்திருக்கிற இடத்தில் முக்குளித்தார்கள். நெலானி வீட்டில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். நல்ல மனிதர்கள், நான் சமைத்ததைப் பாராட்டினார்கள். லெப்பானி அவர்களுக்கு ஓடியாடி வேலை செய்தான். காலையும் மாலையும் மூக்கைப் பொத்திக்கொண்டு பன்றித்தொட்டியில் கழுநீர் ஊற்றினான்.

கிழங்கு முற்றியது. ஆள் தொடைப் பருமன். டோபிலா அக்கா தானே தோண்டி, மண் துடைத்து, மெடோலியின் பெயர் சொல்லி அடுக்கினாள். பன்றியை லெப்பானி தோளில் சுமந்து வந்து இறக்கிவிட்டு, கூட்டத்துக்கு வெளியே போய் நின்றான். நெலானி கயிற்றை அறுத்தாள். இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள், கரி கலங்கிப் போனது. மறுநாள் அக்காவின் மூட்டையை நான்தான் படகில் ஏற்றினேன்.

அந்த விருந்தில் பங்கு போட வந்த லெப்பானி என் இலையிலும் ஒரு துண்டு வைத்தான். நாகரிகமாகத்தான் வைத்தான். நான் தின்ன எந்தத் தடையும் இல்லை, இருந்தும் என்னால் அதைத் தொட முடியவில்லை. இலையோடு நாய்க்குப் போட்டேன்.