எம்.பி. வாங்காத மனு

மேடையில் ஒருவர் கவரை நீட்ட, இன்னொருவர் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பேப்பரைத் திறந்தால் அப்படி நாலு படமாவது இருக்கும். "காலங்காத்தால யாரைத் திட்டறே?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். காரணத்தைச் சொன்னால் நீளும் என்று அவரிடம் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அரியமங்கலத்தில் குடியிருந்தோம். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அத்தா அங்கேயே ஒரு பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு வளைகுடாவுக்குப் போனவர். போன இடத்தில் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டான். அத்தாவுக்குச் சர்க்கரை உண்டு. காலில் வந்த புண் ஆறவே இல்லை. ஊருக்கு அனுப்பச் சொன்னால் காண்டிராக்ட் முடியட்டும் என்றான் அந்தப் புண்ணியவான். அத்தா போனில் சிரித்துச் சிரித்துத்தான் பேசுவார். வைத்ததும் அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள், வெகுநேரம் வெளியே வரமாட்டாள்.

எம்.பி. ஒரு கடிதம் கொடுத்தால் தூதரகத்தில் கவனிப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதே வாரம் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். டெல்லியில் நடப்பதையெல்லாம் மக்களிடம் நேரில் எடுத்துச் சொல்ல எம்.பி. வருகிறார், கல்யாண மண்டபத்துக்கு அனைவரும் வருக என்று அறிவிப்பு. அம்மா ஜெராக்ஸ் கடையில் மனு எழுதி வாங்கினாள். பாஸ்போர்ட் நகல், டாக்டர் சீட்டு, அத்தாவின் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு ஒட்டினாள்.

மண்டபத்தில் எம்.பி. ஒன்றரை மணி நேரம் பேசினார். விமான நிலையம் பெரிதாகப் போகிறது, இன்ன ரயில் இனி இங்கே நிற்கும், சிலிண்டருக்கு மானியம் வரும் என்று டெல்லிச் சேதி பாதி. ஸ்ரீரங்கத்தில் கோலப் போட்டி, திருவெள்ளறையில் கண் சிகிச்சை முகாம், அங்கெல்லாம் தானே போய் நின்ற கதை மீதி. ஒவ்வொன்றுக்கும் முன்வரிசை கைதட்டியது. நடுநடுவே சால்வை வேறு. ஒருவர் போர்த்துவார், உதவியாளர் உருவுவார், அடுத்தவர் போர்த்துவார். ஸ்கூல் விட்டு நேராக வந்த என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மனு வாங்கும் நேரம் வந்ததும் அந்த உதவியாளர் எங்கள் பக்கம் வந்து ஒவ்வொருவரிடமும் என்ன விஷயம் என்று கேட்டார். அம்மா சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாப்பா குடுக்கட்டும்மா. யூனிஃபார்மோட இருக்கு, போட்டோவுக்கு நல்லா இருக்கும்," என்றார். அம்மா தயங்கித்தான் கவரை என்னிடம் தந்தாள். எம்.பி. கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

கொடுத்தேன். எம்.பி. வாங்கினார். அவர் கண்ணை மூடிவிட்டாராம், போட்டோகிராபர் மறுபடி கேட்டார். கவர் என்னிடம் திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன். யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை போட்டோகிராபர், "விட்டுறாத பாப்பா. நீ ஒரு பக்கம் புடி, சார் ஒரு பக்கம் புடிப்பாங்க. அப்படியே இங்க பாரு," என்றார். பார்த்தேன். பளிச்சென்று அடித்தது. அதற்குள் அடுத்த சால்வைக்காரர் வந்து நின்றார். எம்.பி. கையை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். கவர் என் கையிலேயே இருந்தது. "போம்மா, போம்மா, அடுத்த ஆளு வரட்டும்," என்று என்னை இறக்கிவிட்டார்கள்.

எங்கள் ஸ்கூலில் டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். இவரும் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மேடைப் படியருகே எம்.பி.யின் செய்தி மடல் என்று வழவழப்பான ஒரு புத்தகம் கொடுத்தார்கள். கவர் கசங்கக் கூடாதே என்று அதற்குள் செருகி, ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டேன். கையில் கொடுத்தாயா என்று அம்மா கேட்டாள். "மூணு தடவ குடுத்தேம்மா!" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

இரண்டு மாதம் காத்திருந்தோம். போனில் அம்மா அத்தாவிடம், எம்.பி. கையிலேயே கொடுத்தாயிற்று, இன்ஷா அல்லா சீக்கிரம் வந்துவிடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு அடுத்த மடல் வீடு தேடி வந்தது. அதில் நானும் எம்.பி.யும் ஆளுக்கொரு பக்கம் கவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அத்தாவை மீட்கச் சிறுமி மனு கொடுத்ததாகவும் உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டதாகவும் கீழே போட்டிருந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். புதுசு வந்துவிட்டதே, பழைய மடலைக் கிழித்து நோட்டுக்கு அட்டை போடலாம் என்று நான் எடுத்தேன். கவர் தொப்பென்று விழுந்தது. ஒட்டினது ஒட்டினபடியே இருந்தது.

அம்மா என்னை அடித்த அடியில் முதுகு வீங்கிவிட்டது. அந்தக் கையோடு என்னையும் இழுத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, ஸ்ரீரங்கத்தில் இருந்த எம்.பி. ஆபீசுக்குப் போனாள். அதே உதவியாளர்தான் உட்கார்ந்திருந்தார்.

"உங்க மனு மேல ஆக்‌ஷன் எடுத்தாச்சேம்மா. மடல்லயே போட்டுருக்கோம், பாக்கலையா?"

அம்மா கவரை மேசைமேல் வைத்தாள். "இன்னும் பிரிக்கவே இல்லீங்க. உள்ள என்ன இருக்குன்னாவது சொல்லுங்க பாப்போம்."

அவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சின்னப் புள்ள கையில குடுத்தனுப்பினா இப்படித்தாம்மா ஆகும்," என்றார்.

அடப்பாவி! பிள்ளையைக் கேட்டது அவர். கையை எடுத்தது அவருடைய எம்.பி. பழி மட்டும் எனக்கு. அதையும் நான் நம்பினேன். கவரை வாங்கி ஒரு மூலையில் போட்டுக்கொண்டார்கள், அதோடு சரி. பல மாதம் கழித்து, பாஸ்போர்ட், விசா இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஊர் திரும்பலாம் என்று அந்த நாட்டு அரசாங்கமே பொது மன்னிப்பு அறிவித்தது. அத்தா நொண்டிக்கொண்டே வரிசையில் நின்று, தானே பேப்பர் வாங்கி ஊர் வந்து சேர்ந்தார். இடது காலில் மூன்று விரல் இல்லை. அந்த மூன்றையும் நான்தான் வெட்டி எறிந்தேன் என்று ராத்திரியெல்லாம் போர்வைக்குள் அழுதேன்.

பத்தாம் நாள் உதவியாளர் வீட்டுக்கே வந்தார். அத்தாவை எம்.பி. மீட்டுத் தந்தார் என்று பேனர் அடித்தாயிற்றாம், அடுத்த கூட்டத்தில் மேடையேறி நன்றி சொல்ல வேண்டுமாம். என்ன நெஞ்சழுத்தம்! அத்தா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவரால நிக்க முடியாதுங்க. நான் வந்து சொல்றேன்," என்றாள். பொய்தானே அது என்று கத்தினேன். வாயை மூடிக்கொண்டு வா என்றாள்.

கூட்டத்தில் அம்மா மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுக்காரரை எம்.பி. அய்யாதான் கூட்டிட்டு வந்தாங்க," என்றாள். மண்டபமே கைதட்டியது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெளியே ஓடிப்போய்ச் செருப்புகளுக்கு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா அப்புறமும் பேசினாள் என்பது நான் காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் அத்தாவோடு அதே கம்பெனியில் இருந்தார். முதலாளி அவர்மேல் பொய்க் கேஸ் போட்டிருந்ததால் அவருக்கு மட்டும் மன்னிப்பு கிடைக்கவில்லை. அம்மா அந்த அண்ணன் பெயரைச் சொல்லி, இவரைக் கூட்டி வந்த மாதிரியே அந்தப் பிள்ளையையும் கூட்டி வருவேன் என்று அய்யா இப்போதே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று கேட்டு, மைக்கை எம்.பி. வாய்க்கு நேராக நீட்டியிருக்கிறாள். தலைக்கு மேல் அத்தா படம் போட்ட பேனர். பேப்பர்காரர்கள் பேனாவும் கையுமாக எதிரில். முடியாது என்று எப்படிச் சொல்வார்? அடுத்த வாரமே தூதரகத்துக்குக் கடிதம் போனது.

இதெல்லாம் தெரியாமல் நான் அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நாலைந்து மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் அந்த அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். பெரியம்மா மகனை வாசலிலேயே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஓடிவந்து, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நான் கதவோரம் நின்று முறைத்துக்கொண்டிருந்தேன். அழைத்து வந்தது எம்.பி. என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்; அவரிடம் போய் அழாமல், மைக் பிடித்துப் பொய் சொன்ன என் அம்மாவின் கையை எதற்கு இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.