ஆடியில் ஒரு வாரம் சொந்தம்

ரிசார்ட் கேட்டைத் தாண்டி நான் நடக்க ஆரம்பித்தபோது உச்சி வெயில். மேலே பனியன், கீழே ரிசார்ட் கொடுத்த அரைக்கால் டவுசர். கிளிப் படம் போட்ட யூனிஃபார்ம் சட்டையை மேனேஜர் கழற்றி வாங்கிக்கொண்டார். டவுசரையும் கேட்டிருப்பார், லாபியில் மெம்பர்கள் உட்கார்ந்திருந்ததால் விட்டுவிட்டார். மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர். கச்சான் காற்று மணலை வாரி முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது.

விட்டுவந்த வேலைகளில் இது பதினொன்றோ பன்னிரண்டோ. முதுகுளத்தூரில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்புறம் போர்வெல் லாரி, திருப்பூரில் சாயப்பட்டறை, நாகர்கோவிலில் பரோட்டா மாஸ்டர், மஸ்கட்டில் ஒன்றரை வருஷம் ஆடு மேய்ப்பு. பல இடத்தில் நானே கிளம்பினேன், சில இடத்தில் கிளப்பினார்கள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதற்காக வேலை போனது இங்கேதான். ரிசார்ட்டில் ஆள் எடுக்கிறார்களாமே, போகலாமா என்று என்னிடம் கேட்கிற பையன்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பனைக்குப் பதில் தென்னை

அந்த ரிசார்ட் பெரியபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் தெற்குக் கரையில் இருக்கிறது. கட்டும்போது அங்கே நின்ற பனைகளை வெட்டிவிட்டு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து வளர்ந்த தென்னைகளை லாரியில் கொண்டுவந்து கிரேன் வைத்து நட்டார்களாம். பனை நின்றால் ராமநாதபுரம் என்று தெரிந்துவிடுமே. சாப்பிடுகிற இடத்துக்குப் பெயர் கரீபியன் டெக். அங்கே கிடைப்பது இட்லி, பூரி, செவ்வாய்க்கிழமை மட்டும் நூடுல்ஸ்.

இது டைம்ஷேர் ரிசார்ட். டைம்ஷேர் என்றால் ஒரே ரூமை ஐம்பது பேருக்கு விற்பது. ஆளுக்கு வருஷத்தில் ஒரு வாரம். இருபத்தைந்து வருஷத்துக்கு அந்த வாரம் உங்களுக்குச் சொந்தம். ரூம் சொந்தமில்லை, கட்டில் சொந்தமில்லை, தரை சொந்தமில்லை. வாரம் மட்டும்தான். எருமைக்குப் பதில் அதன் நிழலை விற்கிற வியாபாரம். அதை வாங்குகிறவர்கள் கார் வைத்திருக்கிறவர்கள், படித்தவர்கள்.

ராமேஸ்வரத்துக்கு வடக்கே இருக்கும் கடலைப் பெண்கடல் என்பார்கள். அடங்கிக் கிடக்கும். தெற்கே இருப்பது ஆண்கடல். மாசி, பங்குனியில் அதுவும் குளம் மாதிரி இருக்கும், கணுக்கால் தண்ணீரில் மீன் குஞ்சு ஓடுவது தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தது மாசியில்தான். ரிசார்ட் புத்தகத்தில் இருக்கிற போட்டோக்கள் எல்லாம் அப்போது எடுத்தவை. ஆடியில் கச்சான் பிடித்துவிட்டால் அந்தக் கடலில் மீன்பிடிக்காரனே இறங்க மாட்டான், வள்ளத்தை வடக்கே கொண்டுபோய்விடுவான். மாசி வாரங்களை முதலிலேயே வாங்கிவிட்டார்கள். ஆடி வாரங்கள் தேங்கிக் கிடந்தன. அவற்றை விற்பதற்குத்தான் மேனேஜர் செல்வம்.

2. வாட்ஸப் சொல்லும் நிறம்

என் வேலைக்குப் பெயர் பீச் அட்டெண்டர். பேட்ஜில் முனியசாமி கொள்ளாது என்று மணி என்று போட்டார்கள். யாரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிடக்கூடாது. சார், மேடம் மட்டும்தான். காலையில் கரையில் ஒதுங்கிய பாசியை வாரிக் குழியில் போட வேண்டும், பிறகு கொடி நட வேண்டும். பச்சை என்றால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் முழங்கால் வரை. சிவப்பு என்றால் கூடாது.

எந்தக் கொடி என்று கடலைப் பார்த்து முடிவு செய்வதில்லை. காலை ஆறரைக்கு மேனேஜரிடமிருந்து வாட்ஸப் வரும். ஏற்கெனவே வாங்கின மெம்பர் மட்டும் இருந்தால் சிவப்பு. புதிதாக வாங்கப்போகிற ஆள் வந்திருந்தால் மஞ்சள். ஆனியில் இரண்டு, ஆடியில் ஒன்று என்று மூன்று பேரை அலையிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்றும் மஞ்சள் கொடி நாட்கள்.

பக்கத்துக் குப்பத்து அந்தோணி கரையில் வலை பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"ஏலே முனியசாமி, இன்னைக்கி மஞ்சளா? கடல் வயசுக்கு வந்துருச்சோ? சீர் எப்ப?"

"உமக்கென்ன, வலையப் பாரும்."

"எங்களுக்கும் ஒரு கொடி குடுலே. வடக்க போகாம இங்கனயே தொழில் பாத்துக்கிருவோம்."



3. கரீபியன் பார்த்தவர்

ஆடி இரண்டாம் வாரத்தில் பொன்னுசாமி வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பவர். அந்த வாரம் அவருக்குச் சொந்தம். நாலு தடவை இங்கே வந்திருக்கிறார், நாலும் ஆடி. இந்தக் கடல் வேறு மாதிரியும் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அலை சுவர் மாதிரி எழுவதைப் பார்த்து, "கடல்னா இப்படித்தான் தம்பி இருக்கோணும்" என்பார். தான் வாங்கின அலை என்கிற பெருமை குரலில் இருக்கும்.

போன வருஷம் மட்டும் அவர் இங்கே வரவில்லை. எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று உண்டு. இங்கே இருக்கிற வாரத்தைக் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் ஒரு வாரம் வாங்கிக்கொள்ளலாம். பொன்னுசாமி குடும்பத்தோடு கரீபியன் தீவுக்கே போய்விட்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து அதையேதான் பேசினார். இளநீர் கொண்டுபோனால் "கரீபியன்ல ஸ்ட்ராவே கண்ணாடிலீங்க" என்பார். ஃபேன் போட்டால் "அங்கெல்லாம் காத்தே ஏசி மாதிரி" என்பார். செல்லில் ஒரு போட்டோ வைத்திருந்தார். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், நடுவில் கூலிங்கிளாஸோடு அவர். சமையல்காரர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. எனக்கு இரண்டு தடவை.

இந்த முறை அவர் சகலை தங்கவேலையும் மனைவியோடு கூட்டி வந்திருந்தார். கோபியில் அரசு பஸ் கண்டக்டராக இருந்து அந்த வருஷம்தான் ரிட்டையர் ஆனவர். சகலை ஒரு வாரம் வாங்கினால் பொன்னுசாமிக்கு அடுத்த வருஷத்திலிருந்து பெரிய ரூம். தங்கவேலிடம் இருந்தது ரிட்டையர்மென்ட் பணம் ஒன்றுதான். வீட்டுக்கு மேல் மாடி எடுத்து மகனுக்குக் கல்யாணம் வைப்பதாக இருந்தார்.

4. கமலம்மாள் சொன்னது

பொன்னுசாமியின் மனைவி கமலம்மாள் மத்தியானங்களில் காட்டேஜ் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பார். காற்றில் வந்து குவியும் மணலைப் பெருக்குவதற்கு நான் போவேன். ஒருநாள் சும்மா கேட்டேன், கரீபியன் அவ்வளவு நல்லாயிருந்துச்சா மேடம் என்று.

அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு கண்டா? மூணு பிளேன் மாறிப் போய் எறங்குனமுங்க. எறங்குன அன்னிக்கே புயல்னுட்டாங்க. ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சுட்டானுங்க. ஏழு நாளும் ரூமுக்குள்ளதான். சமையக்கட்டுல தண்ணி. நான் கொண்டுபோன புளிக்காச்சலும் அவன் குடுத்த ரொட்டியும்தான். கரண்டு இல்லை. அதுலயும் ரெண்டாம் நாள் ஒருத்தன் டார்ச் எடுத்துட்டு வந்து, இன்னும் பெரிய மெம்பர்ஷிப் இருக்குது வாங்கறீங்களான்னு ரெண்டு மணி நேரம் பேசுனான்."

"வாங்குனாரா?"

"வாங்கீட்டாருங்க."

"அப்ப அந்த போட்டோ?"

"கடைசி நாள் ஏர்போர்ட்டுக்குப் போறப்ப கொஞ்சம் வெயில் வந்துச்சு. வண்டிய நிறுத்தச் சொல்லி எடுத்தது."

எக்ஸ்சேஞ்சில் மதிப்புக்கு மதிப்புதான் கிடைக்கும். ஆடி மாதத்து ஆண்கடலைக் கொடுத்தவருக்கு அங்கேயும் புயல் மாதம்தான் தள்ளிவிட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னால் பொன்னுசாமிக்குப் புரியாது. கமலம்மாளுக்குச் சொல்லாமலே புரிந்திருந்தது.

"உங்க தங்கச்சிகிட்ட இதச் சொல்லலாம்ல? அவுக வாங்கப் போறாகளாமே."

"என்ற வாயால எப்படிச் சொல்றது தம்பி? அஞ்சு வருசமா அவகிட்டப் பெருமை பேசிட்டனே."

சொல்லிவிட்டு, வராந்தா மூலையில் இன்னும் மணல் இருப்பதாகக் கையைக் காட்டினார்.

5. கண்டக்டரின் கேள்வி

நாலாம் நாள் காலை வாட்ஸப் வந்தது. "பத்து மணிக்கு நியூ கப்பிள். யெல்லோ." நான் மஞ்சள் கொடியை நட்டுக்கொண்டிருந்தபோது தங்கவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். ரொம்ப நேரம் அலையைப் பார்த்தார். படியில் நின்றபடியே கூட்டத்தை எண்ணிவிடுகிற கண்.

"தம்பி, மஞ்சக் கொடின்னா என்னுங்க?"

"முழங்கால் வரைக்கும் எறங்கலாம் சார்."

"நீங்க எறங்குவீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க மஞ்சள்?"

"வாட்ஸப்புல வந்துச்சு."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சகலை பக்கத்து ரூமுல இருக்கறாப்புல இதே வாரத்தத்தான் எனக்கும் தர்றாங்களாம். நெசத்தச் சொல்லுங்க. எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் பொய். யோசித்தேன். மூன்று வேளைச் சாப்பாடு, படுக்க ரூம், ஐப்பசி வரைக்குமாவது ஓட்டலாம் என்று இருந்தேன். ஆனால் அந்த மனிதர் வேறு யாரிடமும் கேட்க முடியாமல் கொடி நடுகிறவனிடம் வந்து கேட்கிறார்.

"அண்ணே, ஆடில இங்கன எவனும் கடல்ல கால் வைக்கமாட்டான். வருசா வருசம் இப்பிடித்தேன். மாசில வாங்க, பிள்ளைகள எறக்கி விட்டுட்டுத் தூங்கலாம். அந்த வாரம் குடுத்தா யோசிங்க. இல்லன்னா மாடிய எடுங்க."

"சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

6. ஓதுகிற ரூம்

மெம்பர்ஷிப் பற்றிப் பேசுகிற ரூமை நாங்கள் ஓதுகிற ரூம் என்போம். ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, ஏசியைப் பதினெட்டில் வைத்திருப்பார்கள். சுவர் முழுக்க நீலக் கடல். பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பொன்னுசாமி, கமலம்மாள், தங்கவேல், அவர் மனைவி ராஜாமணி நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆடி வேண்டாம், மாசி இருந்தால் கொடுங்கள் என்று தங்கவேல் கேட்டிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டதும், கொடி நடுகிற தம்பி என்று சொல்லியிருக்கிறார். காட்டிக்கொடுக்கிற எண்ணமெல்லாம் இல்லை. கேட்டதற்கு உள்ளபடி சொல்லிப் பழகின ஆள்.

செல்வம் சிரித்த முகமாகவே பேசினார். "மணி, சார்கிட்ட வெளையாட்டுக்குத்தான அப்பிடிச் சொன்ன?"

தப்பிக்க வழி விடுகிறார் என்று தெரிந்தது.

"இல்ல சார். உள்ளதத்தேன் சொன்னேன்."

பொன்னுசாமி எழுந்துவிட்டார். "நாலு வருசமா வர்றவன் எனக்குத் தெரியாதாடா? கரீபியனையே பாத்துட்டு வந்தவன் நானு. டவுசர் போட்ட பய எனக்குக் கடல் சொல்லித் தர்றான்!"

"விடுங்க சார்" என்று செல்வம் அவரை உட்கார வைத்துவிட்டுக் கமலம்மாளின் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே சொல்லுங்க. நம்ம மெம்பர்ஷிப்லதான் போனீங்க. எப்படி இருந்துச்சு?"

நான் கமலம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடலைப் பார்த்தார்.

"சொர்க்கமுங்க" என்றார்.

ராஜாமணி புருஷனின் முழங்கையை இடித்தார். "கேட்டீங்ளா? அக்கா அஞ்சு வருசமாப் போறா வர்றா. நீங்க பஸ்ஸுலயே ஊரச் சுத்துனீங்க, நான் கோபியத் தாண்டுனது எப்ப? ஒரு வாரம்கூட எனக்குன்னு இருக்கக்கூடாதா?"

தங்கவேல் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார்.

செல்வம் என்னை வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "சட்டையக் கழத்துலே" என்றார்.

7. மெயின் ரோடு

ஒரு கிலோமீட்டர் நடந்திருப்பேன். பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். தங்கவேல். மூச்சு வாங்கியது.

"என்னாலதானுங்களே வேலை போச்சு."

"அத விடுங்க. நான் சொன்னத நம்பலையா நீங்க?"

"நம்பாம என்னுங்க. அலையப் பாத்தப்பவே தெரிஞ்சுச்சு. நீங்க சொன்னது ஒரு சாட்சி."

"பெறகு எதுக்குக் கையெழுத்துப் போட்டீக?"

லுங்கியை அவிழ்த்துக் கட்டினார். "கடலோட வருசத்துக்கு ஏழு நாளுங்க. அவகூட மத்த நாளெல்லாம் இருக்கோணுமல்லோ."

அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. மாடி போச்சு, மகன் கல்யாணம் தள்ளிப்போகும், அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார். எனக்குக் கோபம் என்மேல்தான். விற்கிறவன் செல்வம் என்று அன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பேனா மட்டும்தான் கொடுத்தான். விற்றது அக்கா, வாங்கினது தங்கை. நடுவில் போய்க் கடலைப் பற்றிப் பேசிய முட்டாள் நான்.

பையன்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். பொய் சொல்லுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவர் கேள்வி கேட்டால், பதிலை வாங்கிக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். சில பேர் வழி கேட்பார்கள், சில பேர் துணைக்கு ஆள் தேடுவார்கள். இரண்டாவது ஆளுக்காக வேலையை விடாதீர்கள்.

மறுநாள் காலை ராமேஸ்வரத்தில் இருந்தேன். ஆடி அமாவாசைக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. தகரத்தில் தற்காலிகமாகக் கழிப்பறைகள் போட்டிருந்த காண்ட்ராக்டர் ஒருவர், வாளி தூக்குவாயா என்று கேட்டார். தூக்குவேன் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரே தொட்டி, ஒரே மோட்டார், அதுவும் ஓடவில்லை.

முதலில் வந்தவர் வடநாட்டுக்காரர், குடும்பத்தோடு. அவசரத்தில் இருந்தார். ஐந்தாவது கதவில் கையை வைத்துக்கொண்டு, தண்ணீர் வருமா என்று சைகையில் கேட்டார். வராது என்று கையை விரித்தேன்.

ஆறாவது கதவுக்குப் போய்விட்டார்.