கருவேல மரத்தில் கட்டியிருந்த தொட்டில்

ஒரு கைக்குழந்தை வெயிலில் கிடந்து அழுததைக் கேட்டுக்கொண்டே நான் நிழலில் படுத்திருந்தேன். எழுந்து போகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாமல் போகலாம். இதையாவது நம்புங்கள்.

பேய், முனி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வாழ்நாளெல்லாம் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். விடுதியில் ஓர் அறையில் நடமாட்டம் இருக்கிறது என்று மாணவர்கள் பயந்தபோது அதே அறையில் பாயைப் போட்டுப் படுத்துக் குறட்டை விட்டுக் காட்டினேன். தூக்கம் எனக்கு எப்போதுமே நன்றாக வரும். அந்தத் தூக்கம்தான் இரண்டு முறை எனக்கு வினையாக வந்தது.

முதல் முறை நான் இளைஞன். சமயநல்லூருக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அப்பா இறந்த பிறகு லீவு நாட்களில் நான்தான் போய் மேற்பார்வை செய்வேன். அன்று நடவு. ராக்கு என்ற பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பம்புசெட் அறைக்குப் பக்கத்தில் நின்ற புங்கை மரத்தின் கிளையில் ஒரு சீலையைத் தொட்டிலாகக் கட்டிக் குழந்தையைப் போட்டாள். நடவுக்கு வருகிற தாய்மார்கள் எல்லோரும் செய்வதுதான். நான் அவிழ்க்கச் சொன்னேன். கிளை முறிந்துவிடும் என்று காரணம் சொன்னேன், ஆனால் காரணம் அது இல்லை. அந்த மரத்தடியில்தான் எங்கள் வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுவோம், அவர்கள் தெருப் பிள்ளையின் தொட்டில் அங்கே தொங்குவதை என் மனம் ஏற்கவில்லை. அதே வருடம் கல்லூரியில் தீண்டாமை ஒழிப்புப் பேச்சுப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தவன் நான்.

அவள் தொட்டிலை அவிழ்த்துக்கொண்டு போய் மேற்கு வரப்பில் இருந்த ஒற்றைக் கருவேல மரத்தில் கட்டினாள். அதில் நிழல் என்று பெயருக்குத்தான் இருந்தது. உச்சிப் பொழுதில் குழந்தை அழ ஆரம்பித்தது.

“ஐயா, ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாரேன்” என்றாள்.

“இந்த வயலை முடிச்சுட்டுப் போ” என்றேன்.

பிறகு பம்புசெட் அறைக்குள் போய்ப் படுத்தேன். மோட்டார் சத்தத்துக்கும் மேலே அந்த அழுகை கேட்டது. வெகுநேரம் கேட்டது. அப்புறம் நின்றுவிட்டது. நானும் தூங்கிவிட்டேன். எழுந்து வந்தபோது வயலில் ஆள் இல்லை. நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர் மட்டும் வரப்பில் நின்று, பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்றார். ராக்கு அதன் பிறகு எங்கள் வயலுக்கு வரவே இல்லை. குழந்தை என்ன ஆயிற்று என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அடுத்த வருடமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இனி இரண்டாவது முறை.

போன கோடையில் என் மகன் சரவணன் பெங்களூரிலிருந்து ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு திருநகரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மருமகள் நித்யா, இரண்டு வயதுப் பேரன் மித்ரன். வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை என்று எல்லாம் இருந்தது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, நாங்கள்லாம் வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போவோம், நீ வீட்டயே தூக்கிட்டுப் போறியா” என்று கேட்டார். “ஆமாண்ணே, சாவி தொலையாதுல்ல” என்றான் சரவணன்.

என்னையும் ஏற்றிக்கொண்டு மேகமலைக்குப் போவதாகத் திட்டம். என் மனைவி போன பிறகு நான் வீட்டை விட்டு எங்கும் நகர்ந்ததில்லை, அதனால் எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். வழியில் நித்யா, “மாமா, உங்க வயல் இந்தப் பக்கம்தானே, மித்ரனுக்குக் காட்டிட்டுப் போகலாம்” என்றாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

வயல் என்று எதுவும் அங்கே மிஞ்சியிருக்கவில்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. கிணறு வற்றி எத்தனையோ வருடமாகிவிட்டது, சுற்றுச்சுவரும் இடிந்து வெறும் பள்ளமாக வாய் திறந்து கிடந்தது. புங்கை மரம் இல்லை. நிலம் பூராவும் சீமைக்கருவேல். வண்டியைக் கண்மாய்க் கரையில் நிறுத்தி உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டோம். மித்ரன் தூங்கிவிட்டான். ரோட்டோரம் நுங்கு விற்பதைப் பார்த்ததாகச் சொல்லி இருவரும் வாங்கக் கிளம்பினார்கள். “மாமா, பாத்துக்கங்க, இவன் கதவைத் திறக்கக் கத்துக்கிட்டான்” என்று நித்யா சொல்லிவிட்டுத்தான் போனாள். ஏசி ஓடியது. பேரனை அணைத்தபடி நானும் கண்ணை மூடினேன்.

விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை, கதவு திறந்திருந்தது, உள்ளே அனல் அடித்தது.

அந்த நிமிடத்தை என்னால் ஒழுங்காக எழுத முடியாது. நடந்தால் பீப்பீ என்று சத்தம் போடுகிற செருப்பு அவனுக்கு வாங்கியிருந்தார்கள், அந்தச் சத்தம் எங்காவது கேட்கிறதா என்று நின்று நின்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. நேரே கிணற்றுக்குத்தான் ஓடினேன். விளிம்பில் மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். சருகும் ஒரு பிளாஸ்டிக் குடமும் கிடந்தன. அதற்குள் நுங்கோடு வந்த சரவணனும் நித்யாவும் என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நுங்கு அப்படியே கரையில் சிதறியது. ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு ஓடினோம்.

நான் மேற்குப் பக்கம் ஓடினேன். ஏன் அந்தப் பக்கம் ஓடினேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழைய வரப்பு இருந்த இடத்தில் ஒரு சீமைக்கருவேல மரம். அதன் கிளையில் ஒரு சீலைத் தொட்டில் கட்டியிருந்தது. அரக்கு நிறம், மஞ்சள் கரை. காற்றே இல்லாத வெயிலில் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே மித்ரன் வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தொட்டில் என் நெஞ்சளவு உயரம், அவனாக ஏற முடியாது. அவனுடைய செருப்புகள் இரண்டும் கீழே மரத்தடியில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. சீலை முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், அந்த வெயிலில் அவன் உடம்பு குளுகுளுவென்று இருந்தது.

நித்யா பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரவணன், “ஆடு மேய்க்கிற அம்மா யாராவது பாத்துட்டுப் போட்டிருப்பாங்கப்பா” என்றான். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். ஹாரன் அடித்தோம், கூப்பிட்டுப் பார்த்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆடு கூட இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஊருக்குள் போய்த்தான் எடுத்து வரவேண்டும், அவ்வளவு தூரம் தூக்கி வந்து சீலையை நனைத்துவிட்டு ஒருத்தி எங்கே போய் ஒளிவாள், எதற்கு ஒளிவாள்? கடைசியில் நித்யா ஆளில்லாத காட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டியில் இருந்த வாழைப்பழச் சீப்பை மரத்தடியில் வைத்தாள். சீலையை அவிழ்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

தூங்கியதற்காக அவர்கள் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அதைத் தாங்கத்தான் முடியவில்லை. மேகமலையில் இருந்த நாட்களெல்லாம் வேறொரு குழந்தையின் அழுகை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பியதும் தனியாக அந்த ஊருக்குப் போய், டீக்கடையில் ராக்குவைப் பற்றி விசாரித்தேன். எனக்கு வயதாகிவிட்டது, இனி பயப்பட என்ன இருக்கிறது.

“ராக்கா? அது மக கூட அவனியாபுரத்துல இருக்குல்ல” என்றார் கடைக்காரர்.

“எந்த மக?”

“எந்த மகளா? பெத்ததே ஒண்ணுதான் சார்.”

நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் பதறி எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனேன். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டிலில் உட்கார்ந்து சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

“வாத்தியாரய்யாதான? ஏத்தா செல்வி, இங்க வா. நான் சொல்லுவேன்ல, ஒன்னையத் தண்ணி ஊத்திக் காப்பாத்துனவுகன்னு. அவுக வந்திருக்காக.”

மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பதைத் தாண்டிய, தலையில் நரை விழுந்த பெண். அந்தக் குழந்தை. எனக்கு நாற்காலி போட்டாள், காப்பி கொண்டுவந்தாள். ராக்கு தானாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

“வயல முடிச்சுட்டு ஓடிப் போயிப் பாத்தா, தொட்டிச் சீல சொட்டச் சொட்ட நனைஞ்சு கெடக்கு. புள்ள குளுந்து போயித் தூங்குது. பொம்பளைக அம்புட்டுப் பேரும், ஆள் கூட்டியாந்தவரும் வயலுக்குள்ள நிக்கோம், வெளிய இருந்தது நீங்க ஒருத்தர்தான். எதுக்கும் பெரியாஸ்பத்திரில காட்டுனோம். நனைச்சுப் போடலைன்னா புள்ள தங்கியிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாக. வாய் கடுசா இருந்தாலும் மனசு கேக்காம நீங்கதான் ஊத்திட்டுப் போயிப் படுத்திருக்கீகன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“அப்புறம் ஏன் நீங்க வேலைக்கு வரலை?” என்று கேட்டேன்.

“ஊத்துனது ஒரு பக்கம். போகாதன்னு சொன்னதும் நீங்கதானய்யா” என்றாள்.

காப்பியைக் குடித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். இத்தனை வருடம் ஒருத்தி எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அதைக் கெடுப்பானேன் என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“ராக்கம்மா, நான் ஊத்தலை. பிள்ளை அழுதது எனக்குக் கேட்டது. எழுந்து போகாம படுத்துத் தூங்கினேன்.”

செல்விதான் முதலில் பேசினாள். “எங்க ஆத்தா ஒங்க பேரத்தான் என் மகனுக்கு வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. நல்லவேள, எங்க மாமியா ஒத்துக்கிரல.” சிரிக்காமல்தான் சொன்னாள்.

ராக்கு காஜா எடுத்த துணியை மடித்து வைத்தாள். “அப்ப யாரு ஊத்துனது?” என்றாள். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பேரனுக்கு நடந்ததைச் சொன்னேன். சீலை என்ன நிறம் என்று கேட்டாள், சொன்னேன். “நான் கட்டுனது பச்சச் சீல” என்றாள். அவ்வளவுதான்.

அந்த நிலத்தைச் செல்வி பேருக்கு எழுதிவைக்கிறேன் என்றேன். “முள்ளு வெட்ட எங்களுக்கு நேரமில்ல” என்றாள் செல்வி. பிறகு, “இத ஒங்க மகன்ட்டச் சொன்னீகளா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப மொதல்ல அங்க சொல்லுங்க.”

சொன்னேன். அன்று மாலையே போனில் சரவணனிடமும் நித்யாவிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சரவணன் போனை நித்யாவிடம் கொடுத்துவிட்டான். நித்யா, “மாமா, மித்ரன் விஷயத்துல உங்க மேல எனக்குக் கோபமில்ல. இதை மன்னிக்கிறதுக்கு நான் யாரு” என்றாள். பிறகு சில வாரங்கள் அவர்களிடமிருந்து அழைப்பு வரவில்லை. வந்தபோது வீடியோவில் மித்ரன் முகம்தான் முதலில் தெரிந்தது. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் செல்வியிடமிருந்து போன் வந்தது. ஆத்தா அந்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள், கூட்டிப்போக முடியுமா என்றாள். ஓர் ஆட்டோ பேசி மூவரும் போனோம். கரையில் இறங்கும்போது ராக்கு தடுமாறினாள், நான் கையை நீட்டினேன். சற்று யோசித்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று அவள் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

மரத்தில் சீலை இல்லை. யாராவது எடுத்துப் போயிருக்கலாம். ராக்கு கிளையை எட்டிப் பிடித்து வளைத்து, தொட்டில் கட்டியிருந்த இடத்தை விரலால் தடவினாள். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். முள்ளும் செதிலுமாக இருந்த அந்தக் கிளையில் அந்த ஓரிடத்தில் மட்டும் பட்டை தேய்ந்து, விரல் பதிகிற அளவு பள்ளமாகி, உரல் குழி போல வழவழவென்று இருந்தது.

“இது ஒருநா ரெண்டுநா கட்டுனதுல தேயிறதில்லய்யா” என்றாள் ராக்கு. “நடவே இல்லாத காட்டுல வருசக்கணக்கா இதுல புள்ளைக ஆடியிருக்கு.”

எங்கள் மூவரையும் தவிர அந்தக் காட்டில் யாரும் இல்லை.