கனகலட்சுமி சாகடித்த அண்ணன்

கனகலட்சுமி நாவல் எழுதுகிறவள் என்பது ராஜபாளையத்தில் அவள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மில் ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவள், அவ்வளவுதான். சீனி போடாத காப்பி அவளுக்கு உயிர். கதைகளில் அழுகை மட்டும் ஆகாது. யாராவது தேம்பினால் பக்கத்தைத் தள்ளிவிடுவாள்.

அந்தப் பிடிவாதத்தில்தான் புது நாவலில் ஒரு வேலை செய்துவைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கழிந்த சிறுவயதை அப்படியே எழுதிவிட்டு, பட்டாளத்திலிருந்து வந்து கல்லுக்குண்டாக இருக்கும் அண்ணன் மலைச்சாமியைக் கடைசியில் சாகடித்தாள். தங்கை கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்பதாக முடித்தாள்.

புத்தகம் வந்த மாதமே நிஜ அண்ணனுக்கு நெஞ்சுவலி. திங்கட்கிழமை ஆபரேஷன். புத்தகத்தை அனுப்பியதிலிருந்து அவரிடமிருந்து ஒரு போன் இல்லை. எழுதிய கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது. ஞாயிறு காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் அந்தக் காக்கா ஞாபகம். அண்ணனுக்குப் பத்து வயதில் ஒரு காக்கா தலையில் அடித்துவிட்டுப் போனது. அது ஆயுளுக்கு ஆகாது. அடிபட்டவர் செத்துவிட்டதாகப் பொய்ச் சேதி சொல்லி ரத்த சொந்தத்தை அழவைத்தால் தோஷம் கழியும் என்பார்கள். அம்மா ராஜபாளையத்து மாடத்தி அத்தைக்கு ஆள் அனுப்பினாள். அத்தை தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே அண்ணன் பால்கோவா தின்றுகொண்டிருந்தான். அழுத கண்ணோடு அத்தை விளக்குமாற்றைத் தூக்கியதை நினைத்தால் எப்போதும் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை.

மலைச்சாமி வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார்; சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மடியில் அந்தப் புத்தகம்.

"அண்ணே, எம்மேல கோவமா?"

"கோவம் என்னட்டி? பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி படிச்சிட்டு ஒரே அழுகை. காக்கா அடிச்சதுக்குச் சேதி சொன்ன மாதிரில்லா ஆயிருச்சு. நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"பொறவு ஏன் பேசல?"

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார்.

"ஊரே அழுது என்ன செய்ய? ரத்த சொந்தம்லா அழணும்? இந்தத் தங்கச்சி மட்டும் மரமாட்டம் நிக்கா. நாளைக்கு நெஞ்சைக் கீறப் போறாக. பயமா இருக்குட்டி."

எல்லையில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே தூங்கியதாகப் பெருமையடிக்கிற மனிதர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. கனகலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்து, மாடத்தி அத்தையைப் போல, தெருவுக்கே கேட்கும்படி ஓவென்று அழுதாள். கதையில் வந்திருந்தால் இரண்டு பக்கம் தள்ளியிருப்பாள்.

மலைச்சாமி அவள் தலையில் கை வைத்தார்.

"இன்னும் செத்த நேரம் அழுட்டி," என்றார்.