முத்திரை விழுந்த கட்டம்

மார்லிஸ் ஹெக்ஸ்டாட்டைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. கல்லூரியில் வாகன அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணியைப் பற்றி யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்? அவளை அந்த ஜன்னலுக்கு அனுப்பியவள் நான். அதனால் நானே எழுதுகிறேன்.

அதற்கு முன் இருபத்தாறு வருடம், மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் சிறிய கல்லூரியில், டாக்டராக ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பாட ஆலோசகராக இருந்தாள் மார்லிஸ். நான்கு வருட இளங்கலையை முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்க முடியும். அந்த நான்கு வருடத்தில் சரித்திரம் படிக்கலாம், சங்கீதம் படிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கூடவே உயிரியல் இத்தனை, வேதியியல் இத்தனை, இயற்பியல் இத்தனை என்று ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஒரு பட்டியல் மாதிரி இன்னொன்று இருக்காது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மார்லிஸ் அத்தனை மருத்துவக் கல்லூரிகளுக்கும் தொலைபேசியில் பேசுவாள். "வெப்சைட்ல போட்டிருக்கே, அதைப் பாத்தா ஆகாதா?" என்று கேட்டால், "வெப்சைட்டைத் திருப்பிக் கேள்வி கேக்க முடியாதுடி" என்பாள். எதிர்முனையில் இருப்பவரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "லேபோடயா, லேப் இல்லாமயா?" மாணவர்களிடமும் அதே கேள்விதான். ஆய்வகம் இல்லாத வெறும் பாடத்தை எடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து வாசலில் நின்று அழுத பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். உணவகத்தில் தக்காளி சூப் வாங்கும்போது பையன்கள் அவள் காதில் விழும்படி, "லேபோடயா, லேப் இல்லாமயா?" என்று பரிமாறுபவரைக் கேட்பார்கள். அவளும் சளைக்காமல், "லேபோடவே வாங்குடா, உடம்புக்கு நல்லது" என்பாள்.

அவள் அறைக்கு வெளியே எப்போதும் ஒரு வரிசை நிற்கும். பக்கத்து அறை என்னுடையது. நான் வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆலோசகர். என் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டிருந்தேன். அதில் உட்கார்வது மார்லிஸின் வரிசையில் நின்று கால் வலித்தவர்கள்தான். எனக்குப் பொறாமை இல்லை என்று பதினைந்து வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பச்சை அட்டை. அதில் பாடத்துக்கு ஒரு கட்டம். ஒரு தேவை நிறைவேறிவிட்டால் ஆலோசகர் தன் பெயர் போட்ட ரப்பர் முத்திரையை அந்தக் கட்டத்தில் குத்துவார். முத்திரை விழுந்த கட்டத்தை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, குத்தியவரும்கூட.

ஐந்து வருடத்துக்கு முன் ஓர் இலையுதிர் காலத்தில் மார்லிஸுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டே வாரத்தில் பிடிவாதமாக வேலைக்கு வந்துவிட்டாள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு காலையில் மட்டும் இருப்பாள். மதியத்துக்கு மேல் அவளுடைய பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். அப்படி ஒரு நவம்பர் மதியம்தான் பிரிட்டா நைகார்ட் வந்தாள். ஊருக்கு வடக்கே வான்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஆர்லன் நைகார்டின் ஒரே மகள். முதல் வருட மாணவி. பள்ளியிலேயே ஒரு தேர்வு எழுதி, கல்லூரியின் முதல் உயிரியல் பாடத்துக்கு உரிய மதிப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"இருந்தாலும் அதை இங்க மறுபடி லேபோட எடுன்னு மார்லிஸ் சொன்னாங்க," என்றாள். "ஆனா அதே நேரத்துலதான் பாட்டுக் குழு ஒத்திகை. எனக்கு இப்பதான் இடம் கெடச்சிருக்கு."

"கணக்குல ஏறின பாடத்தை எதுக்கும்மா திரும்ப எடுக்கறே? ஒரு கிரேடு கொறைஞ்சா சராசரி போச்சு. மொதல்ல சராசரியைக் காப்பாத்து. போய்ப் பாடு."

"மார்லிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவளை விட்டா அடுப்புல வேகற உருளைக்கிழங்கு ஹாட்டிஷுக்கே லேப் கேப்பா. நான் பாத்துக்கறேன்."

பிரிட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். மார்லிஸின் பிள்ளை ஒருத்தி என் பேச்சுக்குச் சிரித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்லிஸின் மேஜையைத் திறந்து, அவள் முத்திரையை எடுத்து, உயிரியல் கட்டத்தில் குத்தினேன். பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டது நான். ஆற்றில் போனது வேறு இரண்டு பேர்.

கல்லூரி ஏற்றுக்கொண்ட அந்தப் பள்ளி மதிப்பை, பிரிட்டா போக ஆசைப்பட்ட மருத்துவக் கல்லூரி ஏற்றுக்கொள்வதில்லை. ஆகஸ்டில் பேசியதையெல்லாம் மார்லிஸ் எழுதிவைக்கும் நோட்டில் அது சிவப்பு மையில் இருந்தது. நான் அந்த நோட்டைத் திறந்தே பார்க்கவில்லை.

பிரிட்டாவுக்கு இடம் கிடைத்தது. அதுதான் கொடுமை. நான்காம் வருட வசந்தத்தில் கடிதம் வந்தது, ஊரே கொண்டாடியது. பட்டமும் வாங்கிவிட்டாள். ஜூன் மாதம், மதிப்பெண் பட்டியலை முழுசாகச் சரிபார்த்த மருத்துவக் கல்லூரி இன்னொரு கடிதம் அனுப்பியது. ஆய்வகத்தோடு கூடிய உயிரியல் ஒரு பருவம் குறைகிறது; இடம் ரத்து; குறையை முடித்துவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம்.

மார்லிஸ் பச்சை அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நான் காபிக் கோப்பையோடு அவள் அறை வாசலில் நின்றிருந்தேன்.

"என் முத்திரைதான்," என்றாள். "தேதியைப் பாரு. மாத்திரை போட்டுட்டிருந்த நாளு. நான்தான் குத்தியிருக்கேன் டோரீன், ஆனா சுத்தமா ஞாபகமே இல்லை."

'நான்தான் குத்தினேன்.' இரண்டே வார்த்தை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? "விடு மார்லிஸ். யாருக்கும் வர்ற தப்புதான்," என்றேன். இதை எழுதும்போதும் கன்னம் எரிகிறது.

அவள் அன்று சாயங்காலமே நைகார்ட் வீட்டுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். என்னால் ஓட்ட முடியாது, நீ ஓட்டு என்றாள். ஓட்டினேன். வழியில் தீவனக் கடையின் அறிவிப்புப் பலகையில், 'வாழ்த்துகள் டாக்டர் பிரிட்டா' என்ற எழுத்துகளை இன்னும் எடுத்திருக்கவில்லை. மார்லிஸ் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆர்லன் வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றார். சமையலறை மேஜையில் காபியும் பேரீச்சம்பழ கேக்கும் வந்தன. மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "தப்பு என்னுது. முத்திரை என்னுது. உங்க பொண்ணோட ஒரு வருஷத்தை நான் சாப்பிட்டுட்டேன்."

ஆர்லன் ஒரு துண்டு கேக்கை அவள் பக்கம் நகர்த்தினார். "சரி," என்றார். "நடக்கறதுதான்." பிறகு, இந்த வெயில் வான்கோழிகளுக்கு ஆகாது, மழை வந்தால் தேவலை என்றார். எங்கள் பக்கத்து மனுஷர்கள் இப்படித்தான். மனம் வெடிக்கும்போது வானிலை பேசுவார்கள். அவர் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பிரிட்டா அடுப்பில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் மார்லிஸைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த மதியம் சிரித்தவள் அவள்தானே. நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். நான் கேக்கில் இருந்த கொட்டைப் பருப்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். ஒரு கட்டத்தில் அவள் கெட்டிலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா, டோரீன்?"

விளிம்பு தட்டும்வரை ஊற்றினாள். தூக்கினால் சிந்தும். நான் தொடவே இல்லை.

திரும்பி வரும்போது மார்லிஸ் சொன்னாள்: "எங்கம்மாவுக்கு அறுபத்திரண்டுல ஆரம்பிச்சுது. மளிகைக் கடைக்குப் போனவ, வீட்டுக்கு வர வழி தெரியாம நடுரோட்டுல நின்னா. அதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே சின்னச் சின்னதா மறதி. எனக்கு இப்ப அறுபத்தொண்ணு."

"அது மாத்திரைனால, மார்லிஸ்."

"மாத்திரை சாப்பிட்டா தூக்கம் வரும். இருபத்தாறு வருஷமா கேட்ட கேள்வியை ஒருத்தி எப்படிக் கேக்காம விடுவா?"

மறுநாள் எங்கள் ஆலோசனைப் பிரிவின் இயக்குநரிடம் போய், இனி பிள்ளைகளின் எதிர்காலத்தில் தான் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வாகனச் சீட்டு ஜன்னலைத் தானே கேட்டு வாங்கினாள். "ஸ்டிக்கரை மாத்திக் குடுத்தா யாரும் சாக மாட்டாங்க" என்றாள். அவள் இடத்துக்கு அவளே என் பெயரைச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குப் பதவி உயர்வு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை வயிற்றுப்பிழைப்பாகவே ஆக்கிக்கொண்டேன்.

அதோடு நிற்கவில்லை. கார் ஓட்டுவதையும் விட்டாள். யார் மேலாவது ஏற்றிவிடுவேன் என்று பயம். காலையும் மாலையும் நான்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். டாக்டரிடம் போய் ஞாபகசக்தியைச் சோதித்துக்கொண்டாள். ஐந்து வார்த்தை சொல்லித் திரும்பக் கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அவள் நம்பவில்லை. "ஆரம்பத்துல சோதனையில தெரியாதாம்" என்பாள். காரில் ஏறியதும் மருத்துவக் கல்லூரிப் பட்டியல்களை ஒன்று விடாமல் ஒப்பிப்பாள், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "சரியா சொன்னேனா?" என்று கேட்பாள். சரிதான் என்பேன். இறங்கும்போது தினமும், "உன்னை மாதிரி ஒருத்தி யாருக்குக் கெடைப்பா" என்பாள்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு மாதம் போயிற்று. முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஒரு தவறு. இருநூறு நாள் கழித்துச் சொன்னால் அதற்கு என்ன பெயர்? அந்தப் பெயருக்குப் பயந்து இருநூற்றியொன்றாவது நாளும் வாயை மூடிக்கொண்டேன்.

போன மே மாதம் பிரிட்டா என் அறைக்கு வந்தாள். மார்லிஸின் பழைய அறை. அந்த வருடம் முழுக்கக் காலையில் பண்ணை வேலை பார்த்துவிட்டு, பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் உயிரியலை ஆய்வகத்தோடு முடித்திருந்தாள். மறுபடி விண்ணப்பிக்க அட்டையில் ஆலோசகர் முத்திரை வேண்டும்.

"லேபோடதான்," என்றாள். சிரிக்கவில்லை.

குத்தினேன். இந்த முறை என் பெயர் விழுந்தது. அவள் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தாங்க முடியாமல் கேட்டேன்: "அன்னிக்கு நீ ஏன் சொல்லலை?"

"நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்," என்றாள். "பாட்டுக்கு ஆசைப்பட்டு தலையாட்டினவ நானு. அதுக்கு ஒரு வருஷம் குடுத்தாச்சு. இன்னிக்கு வண்டிக்கு சீட்டு வாங்க ஜன்னலுக்குப் போனேன். மார்லிஸ் என் பேரை மூணு தடவை கேட்டு எழுதிக்கறாங்க, மறந்துடுவாங்களாம். என்ன ஆச்சு அவங்களுக்கு?"

அன்று ஐந்து மணிக்கு மார்லிஸ் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பட்டியலை ஒப்பிக்க ஆரம்பித்தாள். "கரிம வேதியியல் ரெண்டு பருவம், லேபோட..."

"மார்லிஸ், நிறுத்து. பிரிட்டா அட்டையில குத்தினது நான்தான்."

"எந்த அட்டை?"

"பச்சை அட்டை. உயிரியல் கட்டம். நீ வீட்டுக்குப் போயிருந்தே. லேபோட திரும்ப எடுக்கணுமான்னு அவ என்னைக் கேட்டா, நான் வேண்டாம்னேன். உன் முத்திரையை எடுத்து நான்தான் குத்தினேன்."

அவள் முன்கண்ணாடி வழியாக வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடிக்குக் காத்திருந்தேன், வசவுக்குக் காத்திருந்தேன். சாபம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அப்ப..." என்றாள். "அப்ப என் தலைக்கு ஒண்ணும் இல்லையா?"

அழுதது நான். அவள் அழவில்லை. இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தொலைந்து கிடைத்த பொருள் மாதிரி அதைத் தடவிக்கொண்டிருந்தாள். பதினோரு மாதம், பதினோரு மாதம் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு பெல்ட்டைக் கழற்றினாள். முழங்காலைத் தாங்கித் தாங்கி காரைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு. நான் ஓட்டறேன்."

இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் தனக்குத் தோதாகத் திருப்பிக்கொண்டு, கிளப்பினாள். அவள் வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. திரும்பவில்லை. என் வீட்டுத் தெருவும் போயிற்று. தீவனக் கடையையும் தாண்டினாள். பலகையில் ஏதோ விதை விலை எழுதியிருந்தது.

"எங்கே போறோம்?"

"ஆர்லன் வீட்டுக்கு," என்றாள் மார்லிஸ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன தடவை நான் பேசினேன். இந்தத் தடவை நீ பேசு."