வளையாத ராடு

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனை விட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அவன் டபுள்தான். வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். கேட்டுக்கு இரண்டு கீல் வைக்கச் சொன்னால் நாலு வைப்பான். ஒரு வரி பற்றவைத்தால் போதும் என்கிற இடத்தில் மேலே இன்னொரு வரி ஓட்டுவான். "உடைஞ்ச நாற்காலியக் குடுத்தேன்யா, பீரங்கி செஞ்சு குடுத்துட்டான். தூக்க ரெண்டு ஆள் வேணும்" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான், ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டான்.

காரணம் இருந்தது. அவன் அப்பா பெயின்டர். இரும்பு ஏணியில் ஒரு படியை யாரோ அவசரத்துக்கு முழுசாகப் பற்றவைக்காமல் பொட்டு மட்டும் வைத்து ஒட்டியிருந்தார்கள். அப்பா பெயின்ட் வாளியோடு ஏறும்போது அது பிய்த்துக்கொண்டது. அப்பா போனபோது தங்கைக்குப் பால்பல்கூட விழவில்லை. அன்றிலிருந்து அவள் புத்தகப்பைக்கு இரட்டைத் தையல், வீட்டுக் கதவுக்கு இரட்டைத் தாழ்ப்பாள். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பயத்தைத்தான் அவன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

தங்கை புருஷன் சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர் ஓட்டினான். முன்னால் வாளி பூட்டிய வண்டி. மேட்டுச் சரிவில் இருக்கும் பழத்தோட்டங்களில் கல் அள்ளுவான், எரு அள்ளுவான். வாளி நிறைய பாரம் இருக்கும்போது முன்சக்கரம் ஒரு மரக்கட்டையில் இடித்தால் போதும், இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் டை ராடு வில்லாக வளைந்துவிடும். சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ராடைக் கழற்றித் தோளில் போட்டு நடந்து வருவான்.

"மச்சான், இங்க பாரு. உன் தங்கச்சி மூஞ்சி மாதிரியே கோணிக்கிட்டு நிக்குது."

டபுள் அதைச் சூடாக்கி நிமிர்த்திக் கொடுப்பான். கொஞ்ச நாளில் திரும்பவும் வளையும். வளைகிற ஒவ்வொரு தடவையும் அன்றைய பிழைப்பு கெட்டது. கடைசியில் தங்கையே பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் டபுளா செய்யிற. கூடப்பொறந்தவளுக்கு மட்டும் சிங்கிளாண்ணே?"

சுருக்கென்று தைத்தது. தடித்த பைப் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, ராடுக்குச் சட்டை போட்டதுபோல் மாட்டி, இருபுறமும் பற்றவைத்தான். போதாதென்று அடியில் ஒரு பட்டையும் சேர்த்தான்.

"இனி ஆனை ஏறி நின்னாலும் வளையாது மாப்ள."

வளையவில்லைதான். ஒருநாள் மாப்பிள்ளை பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே கத்தினான். "மச்சான்! பாறையில டமார்னு மோதிட்டேன். எனக்குப் பல்லே ஆடிப்போச்சு. உன் ராடு அசையவே இல்ல!"

டபுள் குனிந்து பார்த்தான். ராடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பிவைத்தான். அன்று அவன் ராடை மட்டும்தான் பார்த்தான்.

அப்புறம் ஒரு காலையில், கல் பாரத்தோடு சரிவில் இறங்கிய வண்டி சட்டென்று ஒரு பக்கம் திரும்பிக் கவிழ்ந்தது. மாப்பிள்ளை அடியில் மாட்டிக்கொண்டான். வண்டியைப் புரட்டி எடுத்தபோது உயிர் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தூங்கிவிட்டான் என்றார்கள். பழகிய பாதை, பழகிய வண்டி, வேறென்ன நடந்திருக்கும்? தங்கை அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முந்தின ராத்திரி வீட்டில் சண்டை. துவைத்து மடித்த துணியில் அவன் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டான், அதற்கு. "விடிய விடிய அவரத் தூங்கவிடாம வாய் ஓயாமப் பேசினேனே. நாந்தான் கொன்னுட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கவிழ்ந்த வண்டியை மறுநாளே பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். இழுத்து வந்தவர்களில் ஒருவர் ராடைத் தடவிப் பார்த்துவிட்டு, "வண்டியே நசுங்கிப்போச்சு, உன் வேலை பாரு டபுள், ஒரு நூல் வளையல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அவர்கள் போனதும் டபுள் வண்டிக்கடியில் படுத்தான். ராடின் முனையைச் சக்கரத்தோடு சேர்க்கும் கை ஒன்று உண்டு. வார்ப்பிரும்பு, உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அது ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தான். ஓரத்தில் கொஞ்சம் பளபளவென்று புதிதாக இருந்தது. மீதியெல்லாம் கறுத்துத் துரு ஏறியிருந்தது. அது நேற்று விழுந்த விரிசல் இல்லை. பாறையில் மோதிய அன்றே விழுந்தது.

பழைய ராடாக இருந்திருந்தால் அன்றைக்கே வளைந்திருக்கும். மாப்பிள்ளை திட்டிக்கொண்டே நடந்து வந்திருப்பான். அந்த வளைவுதான் இத்தனை நாளும் அவன் உயிரைக் காத்தது. வளைய வேண்டியதை வளையவிடாமல் கட்டிப்போட்டதால், மொத்த அடியும் வளையத் தெரியாத வார்ப்பிரும்பில் போய் இறங்கிவிட்டது. டபுள் அந்த ஒடிந்த துண்டைக் கழற்றிப் பெட்டிக்கடியில் தள்ளினான்.

யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் தேட வேண்டாம். அவனுக்கென்று இருந்த ரத்த சொந்தம் தங்கையும் அவள் பிள்ளைகளும்தான். சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் தன்னையே தின்று தீர்ப்பாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே பழி போய் உட்கார்ந்திருந்தது தான் தூக்கி வளர்த்த தங்கையின் தலையில்.

ஒருநாள் தங்கை வந்து, "வண்டியச் சரி பண்ணிக் குடுண்ணே. நானே ஓட்டுறேன். பிள்ளைங்க சாப்பிடணுமே" என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியும். புருஷனே கற்றுக்கொடுத்திருந்தான்.

இரண்டு பக்கமும் புதுக் கை மாட்டினான். நடுவில் கடையில் வாங்கிய வெறும் ராடு. வண்டியை எடுக்க வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"பைப் எங்கண்ணே?"

"வேணாம்மா."

"வளைஞ்சிடுமே."

"வளையட்டும்."

"அவருக்குப் போட்டுக் குடுத்தியே. எனக்கு வேணாமா?"

பைப் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. டபுள் உள்ளே போய், பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருந்த அந்த ஒடிந்த இரும்புக் கையை எடுத்து வந்து அவள் கையில் வைத்தான்.

"இந்தக் கறுப்பு இருக்குல்ல, இது முன்னாடியே விரிஞ்சது. அவன் பாறையில மோதின அன்னிக்கி. ராடு வளைஞ்சிருந்தா இது விரிஞ்சிருக்காது. வளையாம பண்ணது நான். அன்னிக்கி இதப் பாக்காம அனுப்பினதும் நான்தான்."

அதைத் தூக்கித் தன் மண்டையில் எறிவாள் என்று காத்திருந்தான். எறிந்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் அந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அவர் தூங்கலையா?"

"தூங்கலம்மா. ஸ்டியரிங்கத் திருப்பிப் பார்த்திருப்பான். சக்கரம் கேட்டிருக்காது."

"தூங்கலையா" என்றாள் மறுபடியும். அப்படியே தரையில் உட்கார்ந்து, இரும்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். டபுள் கை நீட்டினான். அவள் அதைப் பிடிக்கவில்லை. டயரைப் பிடித்து எழுந்துகொண்டாள்.

முகத்தைத் துடைத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரும்பு மடியில் இருந்தது.

"நட்டு போல்ட்டெல்லாம் ரெண்டு தடவை பார்த்துட்டேம்மா" என்றான் டபுள்.

"இருக்கட்டும். வேற பட்டறையிலயும் ஒரு தடவை காட்டிட்டு ஓட்டிக்கிறேன்."

அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் தலையாட்டினான்.

அவள் வீட்டுக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி இடது பக்கம், இன்னொரு பட்டறை இருக்கும் தெருவுக்குத் திரும்பியது. முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து ஒழுங்காகத் திரும்பின. வண்டி மறையும்வரை டபுள் அந்தச் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.