கனகாம்பரத்துக்காக ஹெப்பாளுக்கு இரண்டு தடவை

2007 ஆனி மாதம், மர்பி டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்த கனகாம்பரச் செடிகள் ஒவ்வொன்றாக வாட ஆரம்பித்தன. காலையில் ஒரு கிளை தொங்கும். இரண்டொரு நாளில் செடியே காய்ந்துவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருக்கும். பன்னிரண்டு தொட்டிகளில் நான்கு போய்விட்டன. என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் தெரு அம்மனுக்கு நானே வளர்த்த பூவில் மாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். கடைப் பூ ஒன்றுகூடக் கலக்கக் கூடாது என்று சேர்த்து வேறு வேண்டித் தொலைத்தேன். அவருக்குப் பார்வை நல்லபடியாக வந்துவிட்டது. மாலைக்குத்தான் வழியில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பழைய பேப்பர் கடையில் விவசாயப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் படிப்பது என் வழக்கம். அதில்தான் விவரம் கிடைத்தது. இது மண்ணில் இருக்கும் பூஞ்சை வேருக்குள் புகுந்து உண்டாக்கும் வாடல் நோய். சூடோமோனாஸ் என்று ஒரு நல்ல பாக்டீரியா உண்டு. அது வேரைச் சுற்றிக் குடியேறி, பூஞ்சையை நெருங்க விடாமல் செடியையும் வளர்க்குமாம். ஹெப்பாள் பக்கம் ஒரு விவசாயப் பண்ணையில் பொடியாக விற்கிறார்கள் என்று பால் ஊற்றுகிறவர் சொன்னார். அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் புதன்கிழமை, ராகு காலத்துக்கு முன்பே திரும்பிவிடலாம் என்று ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன்.

சிவாஜிநகர் வரை ஒரு பஸ், நான்கு கிலோமீட்டர். அங்கிருந்து ஹெப்பாள் இன்னும் எட்டு. புது ஏர்போர்ட்டுக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வழியெல்லாம் செம்மண் புழுதி. பண்ணை கேட்டிலிருந்து விற்பனை கவுண்டருக்குப் பத்து நிமிஷ நடை, இரண்டு பக்கமும் மழைமரம்.

கவுண்டரில் இருந்த அம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். அரை கிலோ பாக்கெட் ஐம்பது ரூபாய். முகப்பவுடர் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"செத்த செடி எழும்பாதும்மா, முதல்லயே சொல்லிட்டேன். மிச்சம் இருக்கிறதுக்குக் காவல், அவ்வளவுதான். இதுக்குள்ள இருக்கிறது உயிரு. சூடு ஆகாது. கெமிக்கல் மருந்து கூட கலக்க பேடா, வேண்டாம். ஆய்த்தா?"

ஆயிற்று என்று தலையாட்டினேன். வெயில் படக் கூடாது என்பதாக எனக்கு நானே புரிந்துகொண்டு, பாக்கெட்டை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

லேடீஸ் சீட்டில் முன்னாலேயே இடம் கிடைத்தது. மடியில் குடையும் கைப்பையும் இருந்தன. அம்மன் பூவுக்கு வாங்கிய பொருளைக் காலடியில் வைக்க மனசு வரவில்லை. டிரைவர் பக்கத்தில் என்ஜின் மேல் மேடை மாதிரி பானெட் இருக்கிறதே, அதில் பயபக்தியோடு வைத்தேன். மேக்ரி சர்க்கிளில் வண்டி நின்றதுதான், நகரவே இல்லை. அரை மணி நேரம் என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

டிரைவர் கோலார் தங்கவயல்காரர் போல. பேச்சிலேயே தெரிந்தது. பாக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸை எடுத்து அங்கே வைத்தார்.

"இன்னா மா பையில? கோலமாவா?"

"செடிக்கு மருந்துங்க."

"கொஞ்சம் அந்தாண்ட இருக்கட்டும். இது நம்ம அடுப்பு மா. ஷெட்டுக்குப் போறதுக்குள்ள சாம்பார் கொதிச்சிடும்."

பாக்கெட்டைத் தொட்டேன். இட்லித் தட்டு மாதிரி சுட்டது.

"நிறுத்துங்க, நான் எறங்கணும்!"

"இங்கயா? யம்மா, சாம்பார்னு தான மா சொன்னேன்!"

பஸ்ஸே சிரித்தது. நான் இறங்கி ரோட்டைக் கடந்து, எதிரே வந்த ஹெப்பாள் பஸ்ஸைப் பிடித்தேன். கவுண்டரை ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள். மணி பன்னிரண்டரை. உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனேன், ஏதோ அதனால் பஸ் வேகமாகப் போகும் என்கிற மாதிரி.

நான் நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா பாக்கெட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "அய்யோ, பானெட் மேல வச்சீங்களா? ஏனம்மா, கீழ வைக்கிறதுக்கு என்ன?"

"சாமி காரியத்துக்குங்க. காலடியில எப்படி வைக்கிறது?"

அவர் தரையைக் காட்டினார். "இது இருக்கிற இடமே காலுக்குக் கீழதானம்மா. நல்ல மண்ணு எங்க இருக்கோ அங்க எல்லாம் இருக்கு. நீங்க பொறந்ததுல இருந்து இது மேலதான் நடக்கிறீங்க."

"இது செத்துருக்குமா?"

"லேப்ல வளத்துப் பாத்தாத்தான் தெரியும். பாத்தா ரெண்டும் வெள்ளைப் பொடிதான்."

புதிதாக ஒன்று வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் கூட்டம், நிற்கத்தான் இடம். முன்னால் நின்றிருந்தவர் "பையைக் குடுங்கம்மா, பானெட் மேல வைக்கிறேன்" என்று கை நீட்டினார். நான் வேண்டாம் என்று குனிந்து, என்ஜினுக்குத் தள்ளி, கதவோரம் காற்று வரும் இடத்தில் தரையில் வைத்தேன். மனசுக்குள் அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, யாரும் மிதிக்காமல் இரண்டு பாதத்துக்கும் நடுவில் அணைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை பத்துத் தடவையாவது குனிந்து தொட்டுப் பார்த்திருப்பேன். ஜில்லென்றே இருந்தது.

புதுப் பொடியைத் தண்ணீரில் கரைத்து எட்டுச் செடிகளுக்கும் ஊற்றினேன். சுட்ட பொடியைக் குப்பையில் போட மனமில்லாமல், காலித் தொட்டி மண்ணில் கலந்து கனகாம்பர விதை போட்டேன். அதன் பிறகு ஒரு மாதம் மாடிப்படியே கதியாகக் கிடந்தேன். "செடிக்கு முன்னாடி நீதான் வாடிடுவே" என்றார் வீட்டுக்காரர். எட்டில் இரண்டு அப்படியும் போய்விட்டன. ஆறு நின்றன. காலித் தொட்டியில் போட்ட விதையும் முளைத்து நன்றாகத்தான் வந்தது. ஆக, பானெட்டில் வெந்த அந்தப் பாக்கெட் செத்ததா பிழைத்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போகிறவர்களுக்குச் சொல்வது: பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். துணிப்பையும் அதில் ஈரத்துண்டும் எடுத்துப் போங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுக் கலக்குங்கள். செடி நன்றாக இருக்கும்போதே ஊற்றுங்கள், என்னைப் போல நான்கு போன பிறகு ஓடாதீர்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஆறு செடிப் பூவையும் பறித்துக் கட்டினேன். மாலை வரவில்லை, ஒன்றரை முழம்தான் வந்தது. கழுத்துக்குப் பற்றாதே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். குருக்கள் அதை வாங்கி, இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மன் பாதத்தைச் சுற்றி வைத்தார். அங்கே அது சரியாக இருந்தது.